பிட்ச்சில் நிற்கும் ரிக் வண்டி

1
இந்தக் கதை பஸ் ஜன்னலில் கிடைத்தது. திருச்செங்கோட்டுக்குள் நுழையும்போது பார்த்தேன்: ஒரு கிரிக்கெட் மைதானம். பிட்ச்சின் ஒரு முனையில், மாலையும் பொட்டுமாக ஆழ்துளை போடும் ரிக் வண்டி. அதன் முன்னால் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பஸ் நகர்ந்துவிட்டது. மீதியெல்லாம் என் புளுகு.

2
முதல் தொடக்கம்: 'ரத்தம் தோய்ந்த ஸ்டம்ப் ஒன்று நடு மைதானத்தில்...'
(அடித்துவிட்டேன். வாராவாரம் தொடர்கதையில் ஒரு பிணத்தை விழவைத்த கை, சும்மா இருக்காது.)

இரண்டாவது: 'அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரையிலிருந்து இறங்கி...'
(துரை வேண்டாம். எல்லா மைதானத்திலும் ஒரு துரை இறங்கித் தொலைக்கிறார்.)

சந்தைமேட்டு மைதானத்தின் சரித்திரம் இதுதான்: மாட்டுச்சந்தை இடம் மாறியதும் லாரிப் பட்டறைப் பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். அவர்கள் பேரன்களும் ஆடினார்கள். நடுவே சர்க்கஸ் வந்தது. தலைவர் ஒருவரின் ஹெலிகாப்டர் இறங்கியது. கொரோனாவில் காய்கறிக் கடை போட்டார்கள். எது வந்தாலும் பிட்ச்சைச் சுற்றிக் கயிறு கட்டிக் காப்பாற்றினார்கள்.

கயிற்றை மிதித்தவை ரிக் வண்டிகள். வடநாடெல்லாம் துளை போடப் போனவை, ஆயுத பூஜைக்கு ஊர் திரும்பி இங்கே அணிவகுக்கும். ஆண்கள் அணியும் கலைந்துவிட்டதா, மைதானக் கமிட்டி சொல்லிவிட்டது: இந்த விஜயதசமி மதியத்துக்குள் ஒரு மேட்ச்சாவது தொடங்காவிட்டால், மைதானம் நிரந்தர வண்டி ஸ்டாண்டு.

3
விஜயதசமி காலை. பெண்கள் அணி கேப்டன் கயல்விழி வந்தாள். எடப்பாடியிலிருந்து எதிரணியும் வேனில் வந்து இறங்கியாயிற்று. பிட்ச்சில் தண்டாயுதபாணியின் ரிக்; பக்கத்தில் முதலாளியான அவரே.

"ஏனுங் மாமா, வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"பூசை போட்ட வண்டி, சாமி. சாயங்காலம் நல்ல நேரத்துலதான் எடுக்கோணும்."

"மத்தியானத்துக்குள்ள ஆட்டம் தொடங்கோணுமுங்க."

"பொம்பளப் புள்ளைக நாலு பந்து உருட்டறதுக்கு என்ற வண்டி நகரோணுமா? ஓரமா ஆடுங்க."

"ஓரமெல்லாம் உங்க மச்சினன் வண்டிதானுங்களே நிக்குது."

'கயல்விழியின் கண்கள் குளமாகி...' என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அழப்போகிறவள் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டாள்.

4
அவள் கிட் பையிலிருந்து பந்தை எடுத்தாள். அதிலும் சந்தனம், குங்குமம்.

"நேத்து இதுக்கும் பூசை போட்டாச்சுங்க மாமா. இன்னைக்குத் தொழிலுக்கு எடுத்தே ஆகோணும். உங்க வண்டி தூங்கட்டும், பரவால்லீங்க. எங்க பந்து முழிச்சிருச்சு."

வண்டியின் பம்பரை ஒட்டி ஸ்டம்ப்பை நட்டாள். அங்கிருந்து எதிர்ப்பக்கம் அளந்து புதுக்கோடு போட்டாள். எடப்பாடி பேட்டிங் பெண் வண்டியை முதுகில் சுமப்பதுபோல் வந்து நின்றாள்.

"ஏம் புள்ள, வண்டிக் கண்ணாடி புதுசு."

"பேட்டுல பட்டுப் பின்னால போறதுக்கு நான் பொறுப்பில்லீங்க மாமா."

தண்டாயுதபாணி அம்பயரைப் பார்த்தார். அம்பயர், விளையாட்டு டீச்சர் பழனியம்மாள். வண்டியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.

"கோடு சரியாத்தானுங்க இருக்குது. பிளே."

கயல்விழி ஓடி வருகிறாள்.

5
முடிவு அ: கண்ணாடி நொறுங்குகிறது. பஞ்சாயத்து.
முடிவு ஆ: மாமா நல்ல நேரத்தை மறந்து வண்டியில் பாய்ந்து ஏறிக் கிளப்புகிறார்.
முடிவு இ: பேட்டிங் பெண் பந்தை நேராக...

எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, வண்டி, மாமாவின் மரியாதை எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆனால் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்று பார்த்துவிடுங்கள். பந்து அவள் கையை விட்டுப் போய்விட்டது. மதியம் இன்னும் ஆகவில்லை. ஆட்டம் தொடங்கியாயிற்று. அதை நான் அடிக்கப்போவதில்லை. நீங்களும் அடிக்கக் கூடாது.