உள்ளங்காலுக்கு ஒரு டப்பா

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுங்களா, பல்லாவரத்துப் பியூலா ஒரு மருந்து டப்பாவோடு மல்லுக்கட்டின கதையைச் சொல்கிறேன்... மூடி அழுந்தவே மாட்டேன் என்கிறது, பஞ்சை எடுத்தால் அழுந்துகிறது, பஞ்சில்லாமல் என்ன மருந்து டப்பா, கையளவுக்கு மேல் கூடாதாம், இடுப்புப் பையில் அதுதான் போகுமாம், பாதயாத்திரைக்கு ஆள் சேர்க்கிற ஃபிரெடி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், அவனுக்கென்ன, முள் குத்தினால் அவனுக்கு வலிக்கும், அவள் வீட்டுக்காரர் ஆபேலுக்கு வலிக்காதே... சர்க்கரையில் பாதம் மரத்துப்போன மனுஷன், போன வருஷம் ஸ்டேஷனிலிருந்து வீடுவரைக்கும் செருப்பில் குத்தின ஆணியோடு நடந்து வந்து, சாவகாசமாய்க் காபி கேட்டவர், தரையெல்லாம் சிவப்புப் பொட்டைப் பார்த்து அலறினது இவள், விரலை எடுக்கணுமோ என்று டாக்டர் இழுத்தபோது மூச்சு நின்றதும் இவளுக்கு, அந்தக் காலை வைத்துக்கொண்டு வேளாங்கண்ணிவரை நடக்கிறாராம், யாரைக் கேட்டு நேர்ந்துகொண்டார்? இவளுக்கு மார்பில் கட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்று, கெட்ட கட்டியாக இல்லாவிட்டால் நடந்தே வர்றேன் தாயே என்று... கட்டி என்னோடது, கால் மட்டும் இவரோடதா, தினம் சாயங்காலம் மடியில் போட்டு ஈரம் துடைத்து வெடிப்பு பார்த்து எண்ணெய் தடவுகிறது யார்? அவள் பிறந்த வீடு சி.எஸ்.ஐ. சபை, ஜெபம் பண்ணுவார்கள், ஊர் ஊராக நடக்க மாட்டார்கள், சொன்னால் மாதாமேல் நம்பிக்கை இல்லையா என்பார், மாதாமேல் உண்டு, இவர்மேல்தான் இல்லை.

கூடத்தில் காவி வேட்டியைக் கட்டிப் பார்த்துக்கொண்டு இருவருக்கும் சிரிப்பு வேறு. "இன்னாக்கா, ஆஸ்பத்திரியையே தூக்கினு போகணுமா?" என்று ஃபிரெடி, "அந்த வலி மாத்திரையைத் தூக்கிப் போடு பியூலா, எனக்குத்தான் வலிக்காதே" என்று இவர். ஜோக்காம். ஆனால் நிஜம்தான்... ஆத்திரத்தோடு வெளியே எடுத்துப் போட்டாள், டப்பா சுலபமாக மூடிக்கொண்டது, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி, வழியில் ராத்தங்கலில் உள்ளங்காலை யார் பார்ப்பது, இவரேதான் பார்த்துக்கொள்ளணும், தன் கைப்பையில் கிடந்த முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்தாள், உட்காருங்க என்றாள், காலை மடியில் போட்டுத் துடைக்கிற சாக்கில் பேனாவால் உள்ளங்காலில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள், அழுத்தித்தான் போட்டாள், அவர் ஃபிரெடியிடம் திரும்பி வருவதற்கான வேன் வாடகை பேசிக்கொண்டே இருந்தார். இப்போ கண்ணாடியில பாருங்க, என்ன தெரியுது? தொந்தி இடிக்க அவர் குனிந்தார், கண்ணாடியில் சுற்றினது கூரை ஃபேன், இவளுக்கே தெரிகிறது. "சுத்தமா இருக்கு, ஒண்ணும் இல்லை" என்றார்.

வேணும்னு சொன்ன பொய்யும் இல்லை, பார்த்ததும் இல்லை... திட்டலாம், இத்தனை வருஷம் திட்டாததா. கால் மடியிலேயே இருந்தது, கனமாக, வெதுவெதுப்பாக, இந்தக் காலை வேறு யார் மடியில் வைப்பது... "ஃபிரெடி, உங்க கூட்டத்துல பொம்பளைங்க நடக்குறாங்களா?" "நெறைய பேர் வராங்கக்கா, ஏன்?" ஏன் கேட்டேன்? முட்டிவலிக்காரி, இவர் நேர்ந்ததற்கு நானா நடக்கிறது, பைத்தியமா எனக்கு... எச்சில் தொட்டு மசியைத் தேய்த்தாள், போகவில்லை, இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

உங்க வீட்டில் நடக்கிற பாதமெல்லாம் முள்ளறியாமல் நடக்கட்டும் கண்ணுங்களா, தைத்தாலும், "காட்டு காலை" என்று அதட்ட ஒருத்தர் எப்போதும் கூட இருக்கட்டும்.