இரண்டு கைக்கும் வேலை

"எந்தக் கல்லறைத் தோட்டம்?"

இந்த மாதிரிக் கேள்வியை எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று, கேனியாவை இந்த வேலையில் சேர்த்த அன்றைக்கே லெயோகாடியா அம்மாள் சொல்லியிருந்தாள். யூதர்களை அடைத்து வைத்திருக்கும் கெட்டோவின் மதிலுக்குள் போய் அவர்கள் குழந்தைகளை வெளியே கொண்டுவருகிறவளுக்கு, குழந்தை பிறகு யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியக் கூடாது. தெரிந்தவள் உள்ளே போகக் கூடாது. ஜெர்மன்காரன் பிடித்து நகத்தைப் பிடுங்கினால் யாருடைய வாயும் நிற்காது. வாய் நிற்காவிட்டால் அந்த வீட்டில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்கள்.

அம்மாள் எழுந்து போய் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பெரிய வீட்டுப் பெண். போர்க்காலத்தின் ஆப்பிள் தோல் டீயைக்கூடத் தட்டு வைத்துத்தான் குடிப்பாள்.

"கல்லறைன்னு உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. கேனியாவின் கண் அப்படி. ஊரார் துணி வெளுத்தவள் மகள், அந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள், எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டதில்லை. செவ்வாய்க்கிழமை, வெளியே வந்த குழந்தைகளைக் கைமாற்றும் சலவைக்கூடத்தில், குட்டி மிண்ட்லாவை வாங்கிக்கொண்டு போன பெண்ணின் விரலெல்லாம் பச்சைக் கறை. கோட்டில் சாமந்தி வாசம். அக்டோபர் முடிவில் வார்சாவில் சாமந்தியைக் கல்லறைக்குத் தவிர வேறு எதற்கு வாங்குகிறார்கள்?

"பூக்கடைக்காரின்னு தெரிஞ்சிருச்சு. எந்த வாசல்னு மட்டும் தெரியல," என்றாள்.

"மூளையை அடக்கி வைன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. அடங்கல."

விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். அன்றைக்குச் சலவைக்கூடத்தில் மின்சாரம் போய், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஐந்து வயது மிண்ட்லா சுடருக்கு மேலே இரண்டு கையையும் மூன்று தரம் தன் பக்கமாக இழுத்து, கண்ணைப் பொத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். இருட்டு நிலவறையில் கிடந்த குழந்தை, கண் கூசுகிறது என்று கேனியா நினைத்தாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? நேற்றுப் பொழுது சாயும் நேரம், உள்ளே அடுத்த குழந்தையைக் கேட்டுப் போன வீட்டில், ஒருத்தி திரித்துண்டு ஒன்றை ஏற்றிவிட்டு அதையே செய்தாள். பக்கத்தில் நின்ற அவள் மகளும் செய்தாள். எதற்கு என்று கேனியா கேட்டதற்கு, யூத வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றினால் பின்னே எப்படிச் செய்வார்களாம் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அம்மாளுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. டீயிலிருந்து எழுந்த ஆவிமேல் தன் கையை மெல்ல இழுத்துப் பார்த்தாள்.

"ஆனா நீ பார்த்தது செவ்வாய்க்கிழமையாச்சே?"

"அஞ்சு வயசுக்குக் கிழமை ஏதும்மா? சுடரைக் கண்டா கை தானா போகுது. ஜெபம் சொல்லிக் கொடுத்தோம், தேரேஸ்கான்னு புதுப் பேர் கொடுத்தோம், முடிக்குச் சாயம் அடிச்சோம். கைக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கல."

மறுநாள் அனைத்துப் புனிதர் நாள். ஊரே கல்லறைக்குத் திரண்டு போய் விளக்கு ஏற்றும். ஒளிந்திருக்கும் யூதர்களைக் காட்டிக்கொடுத்தே வயிறு வளர்ப்பவர்களும் வாசலில் நிற்பார்கள். சுடருக்கு மேலே மிண்ட்லாவின் கை ஒரு தரம் போனால் அவர்களுக்குப் போதும். அம்மாள் ஆள் மாற்றி ஆள் சொல்லி அனுப்பலாம் என்றாள். அது போய்ச் சேரத் திங்கள் ஆகிவிடும் என்று அவளே சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். நாளைக்கு மட்டும் குழந்தையை வீட்டுக்குள் வைத்திருந்தால் என்ன என்று கேட்டாள்.

"பூக்காரி வீட்டுக்கு வந்த பொண்ணு, விளக்கு நாளன்னிக்கு மட்டும் வெளிய தலை காட்டலைன்னா பக்கத்துக் கடைக்காரி சும்மா இருப்பாளா? உங்க தெருவுல கதவைச் சாத்திட்டா யாரும் கேக்க மாட்டாங்க. எங்க பக்கத்துல சுவருக்கே காது."

"இடம் தெரிஞ்சா நீ மறுபடி உள்ள போக முடியாது, கேனியா. நேத்து பார்த்தியே, அந்தப் பொண்ணை யார் கூட்டிட்டு வருவா?"

"நேத்தே கூட்டிட்டு வந்துட்டேன். சலவைக்கூடத்துல தூங்குது."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டிருந்தா உத்தரவு வர திங்கள் ஆகியிருக்கும்."

கேனியா தன் நர்ஸ் பாஸை எடுத்து டீத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். டைபஸ் காய்ச்சலுக்குப் பயந்து ஜெர்மன்காரன் கொடுத்த அனுமதி. மதிலின் வாசலைத் திறந்தது அந்த அட்டைதான். அதை வைக்கும்போது மட்டும் அவள் விரல் ஒரு கணம் விடவில்லை. உள்ளே, மாடிப்படிகளில், அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கதவு திறக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"வேற ஆளைப் பாருங்க. வழியெல்லாம் நான் சொல்லித் தரேன்."

பாஸைப் பார்த்தபடியே அம்மாள் சொன்னாள்: "புரூட்னோ கல்லறைத் தோட்டம். பெரிய வாசலுக்கு இடது கை, மூணாவது கடை." பிறகு, "போய் என்ன பண்ணப் போற? ஒரு ராத்திரியில ஒரு பழக்கத்தை மறக்கடிக்க முடியுமா?"

கேனியா பையைத் திறந்து காட்டினாள். கல்லறையில் வைக்கும் கண்ணாடி விளக்குகள் இரண்டு, காலையிலேயே வாங்கியவை.

"மறக்க வேண்டாம். ஊர்லேர்ந்து வந்த அத்தை மாதிரி நான் போய், ஒரு கைக்கு ஒண்ணு கொடுத்துருவேன். விளக்கைப் பிடிச்சிருக்கிற கை எப்படிக் கண்ணைப் பொத்தும்?"

சொல்லிவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். விளக்குகள் ஒன்றோடொன்று மோதாமல் நடுவில் கையுறையைத் திணித்தாள். வெளியே போனாள்.