கண்ணனுக்கு அண்ணன்

சென்னைப் பட்டணத்து டாக்கி கம்பெனி முதலாளி வில்லியனூர்ச் சத்திரத்தில் வந்து இறங்கியிருக்கிறார், நல்ல கதை சொன்னால் படமாக எடுப்பார் என்று தண்டோரா போட்டார்கள். அவ்வளவுதான், சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் கதாசிரியர்கள் ஆகிவிட்டார்கள். மாட்டுக்குப் பேர் வைப்பதைத் தவிர வேறு கற்பனை அறியாதவர்கள்கூட நோட்டுப் புத்தகத்தோடு வரிசையில் நின்றார்கள். பெண் என்று பார்த்தால் பாகூர்த் தையலம்மாள் ஒருத்திதான். துணைக்கு அவள் நாத்தனார் காசம்மாள்.

தையலம்மாளுக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். எட்டு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாகச் சேர்ந்து சைகோனுக்குக் கப்பல் ஏறினான். மூன்று வருஷம் கடிதாசு வந்தது, பிறகு நின்றுபோனது. விசாரித்தால், பட்டாளத்தை விட்டு விலகிவிட்டான், இருக்குமிடம் தெரியாது என்றார்கள். போன தையில் சைகோனிலிருந்து வந்த ஒருவர், அங்கே தமிழ் டாக்கி ஓடினால் நம் சனம் ஒருவர் விடாமல் பார்க்கும் என்றார். அன்றே அவளுக்குத் தூக்கம் போயிற்று. தன் கதை படமாகி, அவன் பேரே கதாநாயகன் பேராக அங்கே ஒலித்தால், எந்த மூலையில் இருந்தாலும் அவன் காதில் விழாதா? விழுந்தால் வராமல் இருப்பானா?

ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னதால் காசம்மாள் வாசலோடு நின்றுவிட்டாள். முதலாளி ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். அது தீர்வதற்குள் கதை முடிய வேண்டும், அதுதான் அவர் போட்ட சட்டம்.

தையலம்மாள் சொன்னாள். கப்பலுக்குக் கிளம்பியவன், மடையை அடைக்காமல் வந்தது பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடிவந்ததையும், நாலு வெட்டு மண் போட்டுவிட்டுப் பெண்டாட்டியிடம் இன்னொரு தரம் சொல்லிக்கொள்ளாமலே ஓடியதையும் சொன்னாள். வரப்பில் அவன் கால் தடத்தில் தண்ணீர் ஊறுவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். முதலாளி சுருட்டை இழுக்க மறந்துபோனார்.

"பேஷ்! கதாநாயகன் பேரு என்னம்மா?"

அங்கேதான் வந்தது வம்பு. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். சொல்ல வேண்டி வந்தபோதெல்லாம் காசம்மாள்தான் அவளுக்காகச் சொல்வாள்.

"அதுங்க... கண்ணனுக்கு அண்ணன் பேருங்க."

"கண்ணன். சின்னப் பேரு, நல்லா இருக்கு" என்று எழுதிக்கொண்டார் முதலாளி.

"கண்ணன் இல்லீங்க, அவருக்கு அண்ணன்!"

"இந்தக் கதைக்கு அண்ணன் எதுக்கம்மா? கண்ணனே போதும்."

சைகோன் கொட்டகையில், யாரோ ஒரு கண்ணன் மடை அடைக்கிறான் என்று தன் புருஷன் வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே எழுந்து போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"பலராமன்!"

சத்திரமே கேட்கும்படி கத்திவிட்டாள். முதலாளி கண்ணனை அடித்துவிட்டுப் பலராமன் என்று எழுதினார்.

"சரி, முடிவு? பலராமன் திரும்பி வந்தானா?"

"தெரியாதுங்க."

"முடிவு இல்லாத கதையை எப்படிம்மா படம் எடுக்கிறது? தெரிஞ்சுக்கிட்டு வா."

"படம் எடுத்தாத்தாங்க முடிவு தெரியும்."

சுருட்டு இன்னும் பாதி இருந்தது. ஆனாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே காசம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா அண்ணி, அண்ணன் பேரைச் சொல்லிட்டியா? இங்க வரைக்கும் கேட்டுச்சே!"

"சொல்லிட்டேன்."

"பயமா இல்லியா?"

"பயமெல்லாம் அப்புறந்தான் வந்துச்சி. பேரச் சொல்லிக் கூப்ட்டவொடனே வாசலத்தான் பாத்தேன் காசம்மா, வந்துட்டாரோன்னு."