பாதி வரி

கொழுந்தன் அனுப்பிய நோட்டீஸைத் தையல்காரி மூன்று முறை படித்தாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். வீடு அவர் பெயரில் இருக்கிறதாம். அண்ணன் மனைவி என்ற இரக்கத்தில்தான் இத்தனை நாள் இருக்க விட்டாராம். இரக்கம் என்ற சொல்லைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உரக்கடை நடத்தும் மனிதர், இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருப்பவர், அதை நேரில் வந்து சொல்ல முகமில்லாமல் தபாலில் அனுப்பியிருக்கிறார்.

வீடு என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. இரண்டே அறை. முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் பலகை, வாடிக்கையாளர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பின்னறையில் அவள். வீடு போனால் பிழைப்பும் சேர்ந்து போகும்.

மாமனார் இருந்தபோதே கடை சின்னவனுக்கு, வீடு பெரியவனுக்கு என்று வாய்ப்பேச்சில் பிரித்து முடித்துவிட்டார். பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது. ஒன்பது வருடங்களுக்கு முன் கணவன் செத்துப்போன பதினைந்தாம் நாள் கொழுந்தன் வந்து, "ஆபீஸ் அலைச்சல் உங்களுக்கு எதுக்கு அண்ணி, நான் பாத்துக்கிறேன்" என்று வீட்டு வரி ரசீதுக் கட்டை வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வருடத் தொடக்கத்தில் கடையாள் வருவான், வரிப் பணத்தை வாங்கிக்கொண்டு போவான். ரசீது எங்கே என்று அவள் கேட்டதில்லை. கேட்காதது அவள் தப்புதான். அதை அவளே ஒத்துக்கொள்வாள். வேறு யாராவது சொன்னால்தான் கோபம் வரும்.

நோட்டீஸை எதிர்த்து வரி அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டாள். திங்கட்கிழமை வரி அதிகாரி முன் விசாரணை, ஆதாரத்தோடு வரவும் என்று பதில் வந்தது. பத்திரம் இல்லாத வீட்டுக்கு ஆதாரம் வரிப் பதிவேடு ஒன்றுதான். வியாழக்கிழமை மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அலுவலகம் ஒரு நீளமான அறை. சுவரோரம் கூரை வரைக்கும் பதிவேடுகள். நடுவில் இரண்டு மேஜை, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு மின்விசிறி. பெயர்ப் பதிவேட்டு மேஜையில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அதைக் கண்ணுக்கு இறக்குவது அவருக்குப் பெரிய உபகாரம் போலிருந்தது. அவள் கணவன் பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். கதவு எண்ணைச் சொன்னாள்.

"பேரு, தெரு எல்லாம் உங்க வீட்டுல வெச்சுக்குங்க. இங்க எல்லாம் வரி எண்படிதான். எண் தெரிஞ்சா வாங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

எண் ரசீதில் இருக்கும். ரசீது கொழுந்தனிடம் இருக்கிறது. வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு அவர் எரிந்து விழுந்தார். வீட்டை அளக்க வந்தவர்கள் நிலைப்படிக்கு மேலே தாரில் எழுதிவிட்டுத்தான் போயிருப்பார்கள், சொந்த வீட்டு நெற்றியில் இருப்பதையே பார்க்கத் தெரியாதவர்கள் எல்லாம் பதிவேடு பார்க்கக் கிளம்பி வந்துவிடுகிறார்கள் என்று, அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். வீட்டு நிலைக்கு மேலே எட்டுப் பத்துத் தடவை சுண்ணாம்பு ஏறியிருந்தது. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, மழுங்கிப்போன பழைய கத்தரிக்கோலால் சுரண்டினாள். கண்ணிலும் வாயிலும் சுண்ணாம்புத் தூள். ரவிக்கை வாங்க வந்த பள்ளிக்கூட டீச்சர், வீட்டை இடிக்கிறீர்களா என்று கேட்டாள். "இன்னும் இல்ல" என்றாள் தையல்காரி. பொழுது சாய்வதற்குள் ஐந்து இலக்கமும் கறுப்பாய் வெளியே வந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஆளாக அந்த எண்ணை மேஜைமேல் வைத்தாள். கண்ணாடிக்காரர் வேறு வழியில்லாமல் பதிவேட்டை இறக்கினார். பக்கத்தைத் திறந்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அவள் கணவன் பெயர் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. மேலே கொழுந்தன் பெயர். மூன்று வருடங்களுக்கு முந்தைய தேதி.

"ஆறு வருஷ ரசீதைக் காட்டி மாத்தியிருக்காரு. கட்டினவரு பேருல மாத்திக் குடுத்தாச்சு. இனிமே இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவள் கொடுத்த பணம். அவன் வாங்கிக்கொண்ட ரசீது. அதைக் காட்டி அவள் வீடு. ஒன்பது வருடமாகத் தன் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. மரியாதையெல்லாம் மனதுக்குள் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது.

ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. அளவு நோட்டுப் பார்த்தே பாதி ஆயுள் போனவள்; கட்டம் கட்டமாக எழுதியிருந்தால் அவள் கண் தானாகக் கடைசிவரை ஓடும். ஓடியது. கணவன் இருந்தவரை ஒரு தொகை. அவன் செத்த மறுவருடத்திலிருந்து அதில் சரிபாதி. இந்த வருடமும் பாதிதான். அவளிடம் வாங்கிக்கொண்டு போனதோ ஒவ்வொரு வருடமும் முழு வரி. பாதி ஏன் என்று கேட்டாள்.

"அது என் மேஜை இல்ல."

"யாரு மேஜை?"

கண்ணாடிக்காரர் பக்கத்து மேஜைப் பக்கம் தாடையை மட்டும் ஒரு விரற்கடை அசைத்தார். பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அந்த இரண்டு மேஜைக்கும் பேச்சுவார்த்தை நின்று நான்கு வருடம் ஆகிறது என்று. காரணம் அந்த மின்விசிறி. எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் வந்த சண்டை, மேலிடம்வரை புகாராகப் போய், இரண்டு பேருக்கும் திட்டு விழுந்து, கீரியும் பாம்புமாக முடிந்திருந்தது. ஒரு வீட்டுக்குப் பெயர் மாறினால் இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு ஒரு துண்டுச் சீட்டுப் போக வேண்டும் என்பது விதி. மின்விசிறிச் சண்டைக்குப் பிறகு ஒரு சீட்டும் போனதில்லை.

வரிச் சலுகைகளைப் பார்க்கும் அந்தப் பக்கத்து மேஜையிலிருந்த அம்மாள் எண்ணைக் கேட்டவுடன் முதலில் சிடுசிடுத்தாள். வெள்ளிக்கிழமை பார்வை நேரம் பதினோரு மணியோடு முடிந்துவிட்டதாம். மணி பதினொன்று பத்து. தையல்காரி வாதாடவில்லை. பக்கத்து மேஜையில் இந்த வீட்டுக்கு மூன்று வருடம் முன்பே பெயர் மாற்றியாகிவிட்டது, அவர் இங்கே சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டாள்.

அந்த அம்மாளின் பேனா நின்றது. "மாத்தியாச்சா? எனக்கு ஒரு சீட்டு வரலையே" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். பிறகு பார்வை நேரமாவது ஒன்றாவது, தானே எழுந்து போய்க் கோப்பை எடுத்து வந்து தூசி தட்டினாள். கையும் களவுமாக ஒருவரைப் பிடிக்கக் கிடைத்த உற்சாகம் அவள் நடையில் தெரிந்தது. தையல்காரிமேல் அவளுக்கு ஒரு சொட்டுக் கருணையும் கிடையாது. அதைத் தையல்காரியும் எதிர்பார்க்கவில்லை.

கோப்பில் ஒன்பது படிவங்கள் இருந்தன, வருடத்துக்கு ஒன்று. கணவனை இழந்தவள் தன் சொந்த வீட்டில் குடியிருந்தால் பாதி வரி போதும். அதற்கு ஒவ்வொரு வருடமும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அவளால் வர இயலாது என்று காரணம் காட்டி, அவளுக்குப் பதிலாகக் கொழுந்தன் எழுதித் தந்திருந்தான். வீடு தன் பெயருக்கு வந்த பிறகும் அந்தப் பாதியை விட மனசு வரவில்லை. விட்டால் அவள் கொடுக்கும் முழு வரியில் மீதிப் பாதி அவன் சட்டைப்பைக்கு எப்படிப் போகும்? இரண்டு மேஜையிலும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். சலுகை அம்மாள் ஒன்பதுக்கும் நகல் எடுத்து முத்திரை குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் பக்கத்து மேஜைக்காரர் நெற்றிக் கண்ணாடி ஆடியது.

திங்கட்கிழமை விசாரணை அறையில் கொழுந்தன் சலவைச் சட்டையில், ரசீதுகளை அழகாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். அண்ணி என்று தலையசைத்தான். அவள் பார்க்கவில்லை. அவன் சொல்வதை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை அதிகாரி கேட்டார். அது எப்போதும் தன் வீடுதான் என்றான். இருக்க இடம் கொடுத்ததற்கு இதுதான் கைம்மாறா என்றும் வருத்தப்பட்டுக்கொண்டான்.

பிறகு அவள் நகல்களை மேஜைமேல் பரப்பினாள். அதிகாரி இந்த வருடப் படிவத்தை எடுத்து நிதானமாக வாசித்தார். "மேற்படி வீடு என் அண்ணன் மனைவிக்குச் சொந்தமானது. அவர் உயிரோடு இருக்கிறார். அதே வீட்டில் வசித்து வருகிறார். மேற்கண்டவை உண்மை."

"இது உங்க கையெழுத்தா?" என்று அதிகாரி கேட்டார்.

கொழுந்தன் கையெழுத்தையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தான். இல்லை என்றால் அந்தப் பாதி வரியை ஒன்பது வருடமாகப் பொய்யாக வாங்கியது யார் என்று கேஸ் ஆகும். ஆமாம் என்றால் வீடு போகும். எது குறைந்த நஷ்டம் என்று அவன் கணக்குப் போடுவதை அந்த அறையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வரியைக் குறைக்கறதுக்காக எழுதினது சார். சும்மா ஒரு பேச்சுக்கு..."

அதிகாரி அதற்குமேல் கேட்கவில்லை. பெயர் மாற்றத்தை ரத்து செய்து, பதிவை அவள் பெயரில் எழுதும்படி உத்தரவு சொன்னார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவளிடம் கேட்டார்.

அவள் எதுவும் சொல்ல நினைத்து வரவில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் 'அவர் உயிரோடு இருக்கிறார்' என்ற வரி வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் நெஞ்சில் முள்ளாக இருந்தது. இரண்டு வருடம் முன் அவள் இருபத்திரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். டீச்சர்தான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். உரக்கடையிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. அது வருடத் தொடக்கம். அந்த வருடப் படிவத்தின் தேதி, அவள் காய்ச்சலில் பன்னிரண்டாம் நாள்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள்.

வெளியே வராந்தாவில் கொழுந்தன் பின்னாலேயே வந்தான். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாள் என்றான். அண்ணன் இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பான் என்றான். அவள் படியிறங்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவனிடம் மிச்சமிருந்த ஒரே மிரட்டலை எடுத்தான்.

"அடுத்த வருஷம் அந்தப் படிவத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாதி வரி எப்படி வாங்கறீங்கன்னு பாக்கறேன்."

தையல்காரி அப்போதுதான் நின்று, அவனை நேராகப் பார்த்தாள்.

"வேண்டாம். உசிரோட இருக்கேன்னு நானே போய்ச் சொல்லிக்கிறேன்."