இடது பக்கத்துச் சத்தம்

தம்பி வீட்டுக்குப் போகும்போது அக்கா கருவிப்பையைத் தொடவே மாட்டாள். லிஃப்ட் மெக்கானிக்காக வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ளும் மெஷின் அறைக்குள்ளும் தலையை விட்டுக்கொண்டிருப்பவள். விடுமுறை நாளில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கண்ணில் பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தம்பி மனைவி போனில் சொன்ன விஷயம் அப்படி.

அவர் கேம் ஆடுவதையே விட்டுவிட்டார் என்றாள் அவள். கேம் பெட்டியை ஒயரோடு சுருட்டி அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டாராம். கேட்டால் போரடிக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாராம். "சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல அண்ணி. பேசவே மாட்டேங்கறார்."

தம்பிக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருட்டில் தடுமாறுவதாக ஆரம்பித்து, கல்லூரி முடிப்பதற்குள் முழுசாகப் போய்விட்டது. அதற்கெல்லாம் அவன் இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. பிசியோதெரபி படித்தான், வேலைக்குப் போனான், காதலித்தான், கல்யாணம் செய்துகொண்டான். சின்ன வயதில் அக்காவோடு அடித்துப் பிடித்து ஆடிய பழைய வீடியோ கேம் பெட்டியையும் அவன் விடவில்லை. அதிலிருந்த சண்டை விளையாட்டைக் காதாலேயே ஆடினான். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு சத்தம், ஒவ்வொரு உதைக்கும் ஒரு சத்தம். எதிராளி இடது பக்கம் நின்றால் சத்தம் இடது காதில் கேட்கும், தாண்டிக் குதித்தால் வலது காதுக்கு ஓடும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தானென்றால் கண் தெரிந்தவர்களைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவான். அக்கா அவனிடம் ஜெயித்து எத்தனையோ வருஷமாகிறது. தோற்கும்போதெல்லாம் கன்ட்ரோலர் பட்டன் சரியில்லை என்பாள். அவன் கன்ட்ரோலரை மாற்றிக்கொண்டு மறுபடியும் தோற்கடிப்பான்.

அப்படிப்பட்டவனுக்குப் போரடிக்கிறதா? அக்காவால் நம்ப முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததுமே இன்னொன்றையும் கவனித்தாள். சாப்பாட்டு மேஜையில் அவன் நாற்காலி இடம் மாறியிருந்தது. முன்பெல்லாம் நடுவில் உட்காருவான். இப்போது சுவரோரமாக, இடது தோள் சுவரில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். யார் பேசினாலும் அவனுடைய வலது பக்கத்திலிருந்துதான் பேச முடியும். சாப்பாட்டின்போது, வருஷா வருஷம் செய்கிற காது பரிசோதனை என்னவாயிற்று என்று அக்கா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கூட்டமாக இருக்கிறது, அடுத்த மாதம் போகலாம் என்று பிடிகொடுக்காமல் சொன்னான். போன மாதமும் இதையேதான் சொன்னார் என்று தம்பி மனைவி பாத்திரத்தைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

அந்தப் பரிசோதனை சும்மா செய்வதல்ல. கண்ணைக் கொண்டுபோன அதே நோய் சிலருக்குப் பிற்பாடு காதையும் தொடலாம் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஆனாலும் முடிவு கைக்கு வரும்வரை குடும்பத்தில் யாருக்கும் சோறு இறங்காது.

கை கழுவியதும் அக்கா அலமாரியிலிருந்து பெட்டியை வெளியே எடுத்தாள். தம்பிக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அதைக் குப்பையில் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டான். அவள் பெட்டியை டிவியோடு இணைத்தாள், ஹெட்போனை மாட்டினாள், விளையாட்டை ஓடவிட்டாள்.

வலது காதில் பாட்டு கணீரென்று கேட்டது. இடது காதில் தலையணைக்கு அடியில் யாரோ பாடுவது மாதிரி மங்கலாக இருந்தது. நடுநடுவே கரகரவென்று ஒரு இரைச்சல்.

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இவ்வளவுதானா, பெட்டி ரிப்பேர். அடுத்த நிமிஷமே சுவரோரத்து நாற்காலி ஞாபகம் வந்தது, தள்ளிப்போட்ட பரிசோதனை ஞாபகம் வந்தது. அடப்பாவி, இதைத்தான் இத்தனை நாளாக உள்ளேயே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாயா?

பால்கனிக்குப் போனாள். அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இடது பக்கம் எப்ப இருந்து கம்மியா கேக்குது?"

அவன் திரும்பவில்லை. தெருப்பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"அவகிட்ட சொல்லாத. மழைக்காலத்துல இருந்து. முதல்ல கேம்லதான் தெரிஞ்சுது. அப்புறம் எல்லாத்துலயும். கிளினிக்ல இடது பக்கம் நிக்கிறவங்க முணுமுணுக்கிற மாதிரி இருக்கு. கண்ணும் இப்படித்தானே அக்கா ஆரம்பிச்சுது, கொஞ்சம் கொஞ்சமா."

"ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்டா?"

"மாட்டிப் பாத்து, அப்பவும் இடது காதுலயே மங்கலா இருந்தா? அதுக்கப்புறம் நான் என்ன பண்றது?"

பழுது பெட்டியில்தான், என் காதிலும் அப்படித்தான் கேட்டது என்று அக்கா சொன்னாள். அவன் தலையை ஆட்டினான், ஆனால் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கண் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒன்றும் ஆகாது, சரியாகிவிடும் என்று ஊரே சொல்லிக் கேட்டவன். ஆறுதல் பேச்சு அவனுக்குப் புளித்துப்போன சமாச்சாரம்.

எனவே அவள் பேசுவதை நிறுத்திவிட்டு அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தாள். ஹெட்போனை அவன் மடியில் வைத்தாள். "நான் தொட மாட்டேன். நீயே மாட்டு. முதல்ல நேரா, அப்புறம் திருப்பி."

நேராக மாட்டினான். முகம் இறுகியது. எடுத்தான். திருப்பிப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தம்பி மனைவி சமையலறை வாசலில் ஈரக் கையோடு வந்து நின்றாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கடைசியில் அவன் அதைத் திருப்பி மாட்டினான்.

இடது காதில் கணீரென்று பாட்டு. மங்கல் வலது காதுக்குப் போய்விட்டிருந்தது.

கழற்றினான், மறுபடி நேராக மாட்டினான், மறுபடி திருப்பினான். குழந்தை விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி மாற்றி மாற்றிச் செய்தான். அப்புறம் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல் இரண்டு பெண்களும் தவித்தார்கள். அவனுக்கே தெரிந்திருக்காது. மனைவி வந்து அவனுடைய இடது பக்கத்தில் உட்கார்ந்து, லூசா நீங்க என்று காதோரம் சொன்னாள்.

"நல்லாக் கேக்குது," என்றான் அவன்.

அதற்குப் பிறகுதான் ரிப்பேர் வேலை ஆரம்பமாயிற்று. டிவிக்குப் பின்னால் சத்தம் வரும் ஒயரின் சிவப்பு பின்னையும் வெள்ளை பின்னையும் அக்கா இடம் மாற்றிச் செருகினாள். மங்கலும் கூடவே பக்கம் மாறியது. அப்படியானால் ஹெட்போனிலும் டிவியிலும் குற்றமில்லை. வேறு ஒயர் போட்டுப் பார்த்தாள், மாற்றமில்லை. ஆக, வியாதி பெட்டிக்குள்தான். ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தாள். சத்தத்துக்கான பகுதியில், மிளகு அளவே இருந்த கெபாசிட்டர்களின் காலடியில் பழுப்பாக ஏதோ கசிந்து போர்டில் படிந்திருந்தது. சால்டரிங் அயர்ன் சூடு பட்டதும் அழுகின மீன் வாடை குப்பென்று கிளம்பியது. தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு, இதற்குள் என்ன செத்துக் கிடக்கிறது என்று கேட்டான். வயதானால் கெபாசிட்டர் ஒழுகும், லிஃப்ட் போர்டிலும் இதே கதைதான் என்றாள் அவள். கெட்டுப்போனவற்றை எடுத்து, போர்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பையிலிருந்த புதியவற்றை ஒவ்வொன்றாக வைத்து ஈயத்தால் பற்றவைத்தாள்.

பிறகு பெருமையாக சுவிட்சைப் போட்டாள். படம் வந்தது. சத்தம்தான் இரண்டு பக்கமும் கொஞ்சம்கூட வரவில்லை.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த ஒரு பக்கத்தையும் கெடுத்துவிட்டோமே என்று முகம் வெளுத்தது. தம்பியோ சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு சிரித்தான். இனி அது பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி, பதறாதே என்றான். அவள் கேட்பதாயில்லை.

கரண்டை எடுத்துவிட்டு மீட்டரைப் பிடித்தாள். போர்டின் செம்புக் கோடுகள் ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஊசிகளை வைத்தாள். கோடு அறுபடாமல் இருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும். ஒவ்வொன்றாகக் கத்தியது. எல்லாம் சரியாகவே இருந்ததால் அவள் எரிச்சலோடு அடுத்ததற்குப் போனாள்.

"நில்லு," என்றான் தம்பி. "இப்ப வெச்சியே, அதுக்கு முந்தினது. அந்த பீப் லேசா நடுங்குச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"மறுபடி வை."

வைத்தாள். உற்றுக் கேட்டபோது அவளுக்கும் பிடிபட்டது. ஒரு நூலளவு நடுக்கம். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ஒலியைப் பெரிதாக்கும் சிப்புக்குக் கரண்ட் கொண்டுபோகும் கோடு அது. கசிந்த திரவம் அரித்து, மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா தொட்டால் ஒட்டும், நிஜமாகக் கரண்ட் போனால் விட்டுவிடும். அதன் தலைமேல் ஒரு மெல்லிய ஒயரைப் பாலமாகப் போட்டு இரு முனையையும் பற்றவைத்தாள்.

இந்தமுறை ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு டிவி ஸ்பீக்கரிலேயே வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்கப் பாட்டு நிறைந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு, கரகரப்பே இல்லை. அக்கா நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தரையிலேயே மல்லாந்து படுத்துவிட்டாள்.

தம்பி போனை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள் என்று மனைவி சொன்னதையும் கேட்காமல், ஆஸ்பத்திரியின் முன்பதிவு எண்ணை அழைத்து, இயந்திரக் குரல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பட்டனை அழுத்தி, காது பரிசோதனைக்கு நேரம் வாங்கினான். அடுத்த வாரமே மூன்று பேரும் போனார்கள். போன வருஷம் எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கிறது என்றார் டாக்டர். ஒருவேளை மங்கலாகக் கேட்டதாக எப்போதாவது உணர்ந்தீர்களா என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் ஒரு கிழத்துக்குத்தான் கேட்காமல் இருந்தது, அதற்கு அக்கா ஆபரேஷன் செய்துவிட்டாள் என்றான். அவன் சொன்னது பழைய கேம் பெட்டியைத்தான் என்பது டாக்டருக்குப் புரியவில்லை. தம்பி மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவன் முதல் வேலையாக நாற்காலியை மேஜை நடுவுக்கு இழுத்துப் போட்டான். பிறகு அக்காவை ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். அவள் நாலு குத்து விடுவதற்குள் தரையில் விழுந்தாள். பட்டன் சரியில்லை என்று ஆரம்பித்தவள், வாயை மூடிக்கொண்டு, இன்னொரு ஆட்டம் போடுடா என்றாள்.