இடது கைக்கு ஒரு ஜெபம்

பாதி காய்ந்த படுக்கை விரிப்பை இஸ்திரி இயந்திரத்தின் மேடையில் பரப்பி, இடது உள்ளங்கையால் சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளி, "இயேசப்பா, கை" என்று முணுமுணுத்தாள் அவசரக்கா. கையை வெளியே இழுத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பட்டனை அமுக்கினாள். கொதிக்கும் மேல்தட்டு நீராவியைக் கக்கியபடி இறங்கி எழுந்தது. அடுத்த விரிப்பு. "இயேசப்பா, கை."

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துத் தரும் சலவைக்கூடம் அது. அங்கே அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே ஜெபத்தால்தான். வேலை தொடங்குமுன் முதலாளியம்மா நடத்தும் காலை ஜெபத்தில் மற்றவர்கள் உருகி உருகி மன்றாடுவார்கள். இவள் முறை வந்தால், மூச்சு விடுவதற்குள் ஆமென் வந்துவிடும்.

"ஆண்டவர் என்ன கடைசி பஸ்ஸா, போயிடுவாருன்னு இப்படி ஓடுற?" என்று துவைக்கிற பெண்கள் கேலி செய்வார்கள்.

"அவருக்குத் தெரியாத எதை நான் புதுசா சொல்லப்போறேன்?" என்பாள்.

இஸ்திரி இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தட்டு இறங்கும். கை இரண்டும் வெளியே இருப்பதற்கு அதுதான் உத்தரவாதம். இடது பட்டனின் ஸ்பிரிங் உடைந்ததும், வேலை நிற்கக் கூடாதென்று சூப்பர்வைசர் அதை அமுக்கியபடியே வைத்து டேப் சுற்றிவிட்டான். இப்போது வலது கட்டைவிரல் மட்டும் போதும். இடது கை சும்மா இருப்பது பிறகு அவன் கண்ணில் பட்டது. எதிரே நின்று சுருக்கம் நீவிக்கொடுத்த அவள் நாத்தனாரை மடிக்கிற மேசைக்கு அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து நீவுவதும் இவள்தான், தட்டை இறக்குவதும் இவள்தான். போன வாரம் ஒரு விநாடி முந்திக்கொண்டது கட்டைவிரல். இடது சுண்டுவிரல் நகத்தைச் சுற்றி இன்னும் தோல் உரிந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தாள். சாமான் வரணும் என்றான். மறுபடி சொன்னாள். வரணும்னா வரணும்கா என்றான். சரி, முதலாளியம்மா காதிலேயே போட்டுவிடுவோம் என்று, காலை ஜெபத்தில் விண்ணப்பம் கேட்டபோது எழுந்து நின்றாள்.

"இடது பக்கத்துப் பட்டன் சரியாகணும். என் கைக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

அங்கேதான் தப்பு செய்தாள். முதலாளியம்மா ஓடி வந்து அந்தக் கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு கண்ணீரோடு ஜெபித்தார். நீண்ட ஜெபம். அவர் கை மெத்தென்றும் குளிர்ந்தும் இருந்தது. பாசாங்கு இல்லை. அதுதான் அவசரக்காவுக்கு இன்னும் எரிச்சல்.

அதற்குப் பிறகு பட்டனைப் பற்றி வாயே திறக்க முடியவில்லை.

"அதைத்தான் ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்தாச்சே அக்கா," என்றான் சூப்பர்வைசர். "திரும்பத் திரும்ப என்கிட்ட வந்தா உங்களுக்கு விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்."

"ஆண்டவர்கிட்ட ஸ்பேனர் இருக்கா சார்?"

"இந்த வாய்தான்கா உங்களுக்கு ஆகாது."

ஆனால் ஒன்று உண்மை. வாழ்நாளில் அவள் இவ்வளவு ஜெபித்ததில்லை. ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு முறை, நாள் முழுக்க. அந்த நீராவிக்குள் யாரோ பக்கத்தில் நின்று தன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுப்பதுபோல் சில நேரம் இருக்கும். அப்போது மனசு லேசாகும். உடனே கோபமும் வரும். 'நீங்க பிடிச்சு இழுக்கறீங்க, சந்தோஷம். ஆனா உங்களை எத்தனை நாளைக்கு இங்கே காவலுக்கு நிறுத்தறது? உங்களுக்கு வேற வேலை இல்லையா?'

இதை விளையாட்டாக நாத்தனாரிடம் சொன்னாள். அவள் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலை ஜெபத்தில் முதலாளியம்மா அவசரக்காவை எழுப்பி முன்னால் நிறுத்தினார்.

"ஒவ்வொரு துணிக்கும் ஒரு ஜெபம்! நாம மணிக்கணக்கா முழங்கால் போட்டும் இந்த நெருக்கம் நமக்கு வரலையே. எப்படிம்மா வந்துச்சு? சாட்சி சொல்லு."

"பயம்தான்மா. அந்தப் பட்டன் சரியா இருந்தா நான் இவ்வளவு ஜெபம் பண்ண மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மா அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "பாரு, என்ன தாழ்மை!"

"ஏன்டி போய்ச் சொன்ன?" என்று நாத்தனாரைப் பிடித்தாள்.

"நல்ல பேரு வாங்கித் தந்ததுக்குத் திட்டுற அண்ணியை இப்பத்தான் பாக்கறேன்."

அந்த வாரமே மெக்கானிக் பையோடு வந்து இயந்திரத்தின் அருகே நின்றான். அவசரக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"வாங்க தம்பி. இந்தா, இந்த இடது பக்கம்தான்."

அவன் டேப்பை ஒரு பார்வை பார்த்தான். "எனக்கு போர்டு மாட்டத்தான் சொன்னாங்கக்கா. இதை ஆபீஸ்ல சொல்லுங்க."

"ஆபீஸ்ல சொன்னா ஜெபத்துல சொல்லுங்கறாங்க. ஜெபத்துல சொன்னா போர்டு வருது."

அவன் ஏணியை விரித்தான். இயந்திரத்துக்கு மேலே சுவரில் துளை போட்டு, 'ஜெபிக்கும் கைகள் இங்கே உழைக்கின்றன' என்று பொன்னெழுத்தில் எழுதிய பலகையை நேர் பார்த்து மாட்டினான். சுவர்த்தூள் முழுக்க மேடையில் பரப்பியிருந்த வெள்ளை விரிப்பில் உதிர்ந்தது. பையை எடுத்துக்கொண்டு போனான்.

"ஆஸ்பத்திரி வண்டி நிக்குது, சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே வந்த சூப்பர்வைசர், பலகையைக் கண்டதும் நின்று கைபேசியை எடுத்தான். அவசரக்கா உள்ளே குனிந்து, இடது கையைத் தட்டுக்கடியில் நீட்டித் தூளை ஓரத்துக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. உதடு அசைந்தது.

"அப்படியே இருங்கக்கா. அம்மாவுக்கு அனுப்பணும். போர்டும் கையும் சேர்ந்து அருமையா விழுது. கொஞ்சம் கண்ணை மட்டும் மூடுங்க, ஜெபம் பண்ற மாதிரி."

அவள் மூடவில்லை. விரல்களுக்கு மேலே ஆவி விட்டுக்கொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடுங்கக்கா, ஒரே ஒரு நிமிஷம்."