தமிழ் இருந்த இடம்

சீனுவுக்கு மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது அவர் முழித்துக்கொண்டு பேசுவார் என்று டாக்டர் கிரண்குமார் சொன்னதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பல்லைப் பிடுங்கவே மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். இவர் என் வீட்டுக்காரரைப் பேச வைத்துக்கொண்டே மூளையில் கத்தி வைப்பாராம்!

பேச்சைச் சோதிக்கிற பவ்யாதான் என்னை உட்கார வைத்து விளக்கினாள். மூளையில் கைக்கு ஓர் இடம், கண்ணுக்கு ஓர் இடம், பேச்சுக்கு ஓர் இடம். அவர் மூளையில் வளர்ந்திருக்கும் கட்டி பேச்சின் பக்கத்தில் இருக்கிறது. மூளைக்கு வலி தெரியாது. லேசான கரண்டால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே படம் காட்டுவார்கள். பெயர் சரியாகச் சொன்னால் அந்த இடத்தை வெட்டலாம், வாய் நின்றுபோனால் தொடக்கூடாது. டாக்டரும் அவளும் பேசுவது தெலுங்கு. எல்லை தாண்டிப் புத்தலப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் எனக்கும் புரிகிற அளவுக்கு வந்துவிட்டது.

திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் பவ்யா வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"நல்லபடியாகப் போகிறது அம்மா. எல்லாப் படத்துக்கும் டக் டக்கென்று தெலுங்கில் சொல்கிறார். கடைசித் துண்டு ஒன்றுதான் பாக்கி. அந்த இடத்திலும் தடங்கல் இல்லை. சார் இப்போது எடுக்கப்போகிறார்."

"தெலுங்கில் மட்டுமா?" என்றேன். "வீட்டில் அவர் தமிழ்தானே பேசுவார்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "தாய்மொழி தெலுங்கு என்றுதானே சொன்னார்? வேறு மொழி தெரியுமா என்று கேட்டேனே, இல்லை என்றாரே!"

சொல்லியிருப்பார். வீட்டில் தமிழ் பேசும் எங்கள் தெருவே அப்படித்தான் சொல்லும். என் மாமனார் நிலப்பட்டாவுக்கு நின்ற காலத்தில் எவனோ ஒருத்தன், தமிழ்நாட்டுப் பக்கத்து ஆளா நீ, அங்கேயே போய்க் கேள் என்று விரட்டியிருக்கிறான். அன்றிலிருந்து ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, எங்கே யார் கேட்டாலும் தெலுங்குதான். யோசிக்காமலே வாய் சொல்லிவிடும். மூளையைத் திறக்கிறவரிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறார் மகராசன்.

"அதுக்கென்ன?" என்று கேட்டேன்.

"ரெண்டு மொழியும் ஒரே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது அம்மா." சொல்லிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள்.

கதவு மூடிக்கொண்டது. அதற்குள் வெட்டியிருந்தால்? எங்கள் பிரியங்கா பிறந்தபோது அவர் அவள் காதில் பேசியது தமிழ். நானும் அவரும் கொஞ்சுவது, சண்டை போடுவது எல்லாம் தமிழ்.

பவ்யா திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள். டாக்டர் கத்தியை நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டுத் தமிழ் சரியா தப்பா என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை, நீங்களே வாருங்கள் என்றாள். பச்சை அங்கியும் தொப்பியும் கையுறையும் மாட்டி, முகத்தை மூடி, என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

திரைக்கு இந்தப் பக்கம் அவர் முகம் மட்டும் தெரிந்தது. உதடு காய்ந்திருந்தது.

"மாமா, நான்தான் அம்சவேணி. படம் காட்டறேன். நம்ம வூட்ல சொல்ற மாதிரி சொல்லு."

"நீ எப்டி உள்ள வந்த?" என்றார். என்னால் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மாட்டின் படம். "மாடு." கட்டில். "கட்டிலு." திரைக்குப் பின்னால் டாக்டர் கரண்டை இடம் மாற்றிக்கொண்டே வந்தார். துடைப்பத்தின் படம் காட்டினேன்.

"இது... இது..." கண் என்னையே பார்த்தது. வாய் திறந்தபடி இருந்தது. வார்த்தை வரவில்லை.

"தெலுங்கில்?" என்றாள் பவ்யா.

"சீப்புரு," என்றார் உடனே.

கரண்டை எடுத்தார்கள். "தொடப்பம்," என்றார். மறுபடி தொட்டார்கள். மறுபடி வாய் நின்றது.

டாக்டர் தெலுங்கில் நிதானமாகப் பேசினார். "இந்தத் துண்டை எடுத்தால் தமிழ் போகலாம். விட்டால் கட்டி சீக்கிரம் திரும்ப வளரலாம். ரொம்ப நேரம் திறந்து வைக்க முடியாது. இப்போதே சொல்லுங்கள்."

"எடுத்துடுங்க சார்," என்றேன் தமிழிலேயே. யோசிக்கவே இல்லை. "தெலுங்கு இருக்குதில்ல, நான் நல்லா கத்துக்கறேன். எனுக்கு இவரு வேணும்."

"வத்து சார்," என்றார் சீனு, டாக்டரிடம் தெலுங்கில், வேண்டாமென்று.

"மாமா, சும்மா இரு!"

"அம்சா, எம் பொண்ணு தமிழ்ல பேசறப்ப, நான் வூட்ல ஊமையா குந்திகினு எத்தினி வருசம் இருந்தா இன்னா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். சீனுவை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அவ்வளவு ஆத்திரம், அவ்வளவு ஆசை. கையுறை போட்ட கையால் அவர் விரல்களைத்தான் பிடிக்க முடிந்தது.

"அவர் சொன்னபடி செய்யுங்கள் சார்," என்றேன் தெலுங்கில்.